பாஸ்பார்த்துவின் கண்: தனிப்பயணம் தொலைக்காட்சியான வரலாறு

தொலைக்காட்சியில் பயண நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர்களுக்கு நன்கு பழகிய காட்சி ஒன்று உண்டு. முதுகில் பையுடன் ஒருவர் தன்னந்தனியே ஒரு மலைக்கிராமத்துக்கு வந்து சேருகிறார். ஆளரவமற்ற ஒரு விடுதியின் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது, அவர் உள்ளே நுழைகிறார். அவர் நுழைவதை நாம் வீட்டின் உட்புறத்திலிருந்து பார்க்கிறோம். அப்படியானால் அவருக்கு முன்னரே அந்த வீட்டுக்குள் போயிருந்தவர் யார்? கமெராவைத் தோளில் சுமந்தவர் ஒருவர், ஒலிவாங்கியை நீட்டிப் பிடித்தவர் ஒருவர், விடுதிக்காரரிடம் முதல்நாளே கதைத்து அனுமதி வாங்கியவர் ஒருவர். தனியாக வந்தவர் உண்மையில் தனியாக வரவில்லை.

இது ஏதோ ஒரு நிகழ்ச்சியின் குறைபாடன்று. தனிப்பயணத்தை மற்றவர்கள் பார்ப்பதற்குரிய காட்சியாக மாற்ற முனைந்த எல்லோருமே இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். தனிமை என்பது பிறர் பார்க்காதிருக்கும் நிலை. காட்சி என்பது பிறர் பார்த்தாலன்றி நிகழாதது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டுவது எப்படி? இந்தக் கேள்விக்கு ஒரு நாவலாசிரியரும், ஒரு பத்திரிகைப் பெண்மணியும், ஒரு நகைச்சுவை நடிகரும், கேரளத்துக் கிராமமொன்றில் பிறந்த ஓர் இளைஞரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். படமே இல்லாத வானொலியிலிருந்து அவற்றை நோக்குவதில் ஒரு வசதி உண்டு. காட்சியின் கவர்ச்சியில் மயங்காமல், அக்காட்சி எவ்வாறு உண்டானது என்பதை நிதானமாக அவதானிக்க முடிகிறது.

கதை 1872 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்னர் மூன்று பெரும் வேலைகள் முடிவடைந்திருந்தன. 1869 மே மாதத்தில் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் புகையிரதப் பாதை பூர்த்தியானது. அதே ஆண்டு நவம்பரில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870 இல் பம்பாயையும் கல்கத்தாவையும் இணைக்கும் இருப்புப்பாதை வந்தது. அதுவரை மாலுமிகளுக்கும் படையினருக்கும் மட்டுமே உரியதாயிருந்த உலகம் சுற்றும் காரியம், ரிக்கற் வாங்கக்கூடிய எவருக்கும் கைகூடும் ஒன்றாயிற்று. இந்த மாற்றத்தின் இலக்கியப் பெறுமதியை முதலில் உணர்ந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண். 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' என்ற அவரது நாவல் 'லெ தாம்' என்னும் பாரிஸ் நாளிதழில் 1872 நவம்பரிலிருந்து தொடராக வெளிவந்தது.

அத்தொடர் வெளிவந்த முறையே ஒரு காட்சி ஏற்பாடு போன்றது. கதாநாயகன் பிலியஸ் பொக் லண்டனிலுள்ள றிபோர்ம் கழகத்தில் 20,000 பவுண் பந்தயம் கட்டி, 1872 ஒக்டோபர் 2 ஆம் திகதி புறப்படுகிறான். டிசெம்பர் 21 ஆம் திகதி அவன் திரும்பியாக வேண்டும். தொடரின் இறுதிப் பகுதி பத்திரிகையில் வெளிவந்தது டிசெம்பர் 22 ஆம் திகதி. கதையின் நாட்காட்டியும் வாசகரின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியும் ஒரே நாளில் வந்து சந்தித்தன. அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று இன்றைய தொலைக்காட்சி நேயர் காத்திருப்பதுபோல, பாரிஸ் வாசகர்கள் காத்திருந்தார்கள்.

இந்த நாவலில் நுணுகிப் பார்க்கத்தக்க ஒன்று உண்டு. உலகைச் சுற்றும் பிலியஸ் பொக் உலகைப் பார்ப்பதில்லை. கப்பலில் சீட்டாடுகிறான், புகையிரதத்தில் நேர அட்டவணையைப் பார்க்கிறான், சுயஸ் நகரைச் சுற்றிப் பார்க்காமல் கப்பல் அறையிலிருந்தே உணவருந்துகிறான். ஊர்களைப் பார்ப்பதும், கடைத்தெருக்களில் அலைவதும், வியப்பதும், ஏமாறுவதும், கோயிலுக்குள் சப்பாத்துடன் நுழைந்து அடிபடுவதும் அவனுடைய வேலைக்காரன் பாஸ்பார்த்துவே. பயணம் எசமானனுடையது, பார்வை வேலைக்காரனுடையது. பயணிக்குப் பக்கத்தில் ஒரு கண் வேண்டும் என்பதை, கமெரா கையடக்கமாவதற்கு முன்னரே வேர்ண் கண்டுகொண்டிருந்தார்.

இன்னுமொன்று. கதையில் மனித உணர்ச்சி பிறக்கும் இடம் எது? இந்தியாவில் இருப்புப்பாதை பூர்த்தியாகவில்லை என்று புகையிரதம் காட்டின் நடுவே நின்றுவிடும் இடம். பயணம் தடைப்படுகிறது, யானையொன்றை விலைக்கு வாங்குகிறார்கள், வழியில் உடன்கட்டை ஏற்றப்படவிருந்த ஆவுதா என்ற பெண்ணைக் காப்பாற்றுகிறார்கள். தாமதம் ஏற்பட்டிராவிட்டால் அந்தப் பெண்ணும் இல்லை, நாவலின் முடிவும் இல்லை. கடிகாரம் பயணத்தை ஓட்டுகிறது. தாமதம் அதற்குப் பொருள் தருகிறது. பின்னர் வந்த எல்லாப் பயணக் காட்சிகளுக்கும் இந்த விதி பொருந்துவதை இனிக் காண்போம்.

வேர்ணின் கற்பனையை உண்மையான பயணமாக்கிப் பத்திரிகையில் காட்சிப்படுத்தியவர் நெல்லி பிளை. எலிசபெத் கொக்ரன் என்பது இயற்பெயர். நியூயோர்க்கின் 'வேர்ல்ட்' பத்திரிகையில் பணியாற்றிய இவர், 1887 இல் மனநோயாளிபோல நடித்து ஒரு மனநோய் விடுதிக்குள் புகுந்து, அங்கு நடந்த கொடுமைகளை வெளிக்கொணர்ந்தவர். எண்பது நாட்களுக்குள் உலகைச் சுற்றி வருகிறேன் என்று அவர் சொன்னபோது பத்திரிகை நிர்வாகம் தயங்கியது. பெண்ணுக்குத் துணை வேண்டும், பெட்டிகள் நிறைய வேண்டும், ஆகவே ஓர் ஆணையே அனுப்பலாம் என்றனர். அப்படி ஓர் ஆணை அனுப்பினால் அதே நாளில் வேறொரு பத்திரிகைக்காகப் புறப்பட்டு அவனைத் தோற்கடிப்பேன் என்று அவர் மறுமொழி சொன்னார். ஒரேயொரு கைப்பையுடன், துணையேதுமின்றி, 1889 நவம்பர் 14 ஆம் திகதி தமது இருபத்தைந்தாவது வயதில் அவர் கப்பலேறினார். பிரான்சில் ஆமியன் நகருக்குச் சென்று வேர்ணையே நேரில் சந்தித்தார். 72 நாட்களும் சில மணித்தியாலங்களும் கழிந்து 1890 ஜனவரி 25 ஆம் திகதி திரும்பினார்.

பயணி ஒருவர் நெடுந்தூரத்தில் இருக்கும்போது அவரைப் பற்றி நாள்தோறும் எதைப் பிரசுரிப்பது? இதுவே 'வேர்ல்ட்' பத்திரிகைக்கு ஏற்பட்ட சிக்கல். நெல்லி அனுப்பிய தந்திகள் மிகச் சுருக்கமானவை. அவருடைய நீண்ட கடிதங்களோ கப்பலில் வந்து சேரவேண்டியவை. ஆகவே பத்திரிகை ஒரு போட்டியை நடத்தியது. நெல்லி திரும்புவதற்கு எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை விநாடி ஆகும் என்று ஊகித்து எழுதவேண்டும். மிக நெருங்கிச் சொன்னவருக்கு ஐரோப்பியப் பயணம் பரிசு. இலட்சக்கணக்கானோர் எழுதினார்கள். அவர்களுக்குப் பயணியின் அனுபவம் கிடைக்கவில்லை, கடிகாரம் கிடைத்தது. பயணத்தைப் பந்தயமாக்கிப் பார்வையாளரையும் அதில் ஒரு தரப்பாக்கும் உத்தியை, தொலைக்காட்சி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே பத்திரிகை கையாண்டுவிட்டது.

இந்தப் பயணத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. வேர்ணின் கதாநாயகன் இலங்கையை மிதிக்கவில்லை. நெல்லி பிளையோ கொழும்பில் ஐந்து நாட்கள் தங்கினார். விரும்பித் தங்கவில்லை, தங்கவேண்டியதாயிற்று. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1885 இல் முடிவுற்ற அலைதடுப்பு அணை, கொழும்பைக் கீழைத்தேயக் கப்பற்பாதையின் முக்கிய சந்தியாக்கியிருந்தது. அங்கே அவர் ஏறவேண்டிய கப்பல், பின்தங்கி வந்துகொண்டிருந்த இன்னொரு கப்பலுக்காகக் காத்து நின்றது. துறைமுகத்தின் அருகிலுள்ள கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கிய நெல்லி, ஒவ்வொரு நாளும் கைநழுவிப் போவதை எண்ணித் தவித்தார். கண்டிக்குப் போய்வந்தார், அது அவரை அவ்வளவாகக் கவரவில்லை. ஆயினும் ஓட்டமும் அவசரமுமாய்க் கடந்த பல ஊர்களை விட, கால் தரித்து நின்ற கொழும்பைப் பற்றித்தான் அவருடைய நூலில் விரிவான பக்கங்கள் அமைந்துள்ளன. அந்தப் பக்கங்களில் மேற்கத்தைய பயணிக்கே உரிய அலட்சியம் ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. என்றாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பு எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோருக்கு அவை இன்றும் பயன்படுகின்றன. பந்தயத்துக்கு நட்டமாக இருந்த நாட்கள் எழுத்துக்கு இலாபமாயின.

அந்த நூலில் அவர் தெரிவிக்கும் ஒரு கவலை நமது பொருளுக்கு மிக நெருங்கியது. அவசரத்தில் புறப்பட்டபோது கொடக் கமெரா ஒன்றைக் கொண்டுவர மறந்துவிட்டதாகவும், கப்பல்களிலும் துறைமுகங்களிலும் அதை வைத்திருந்தவர்களைக் கண்டு பொறாமைப்பட்டதாகவும் எழுதுகிறார். ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடக் கமெராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1888 இல்தான். ஓராண்டுக்குள்ளேயே, கமெரா இல்லாத பயணம் அரைகுறைப் பயணம் என்ற எண்ணம் பயணிகளின் மனத்தில் வேரூன்றிவிட்டது.

நெல்லி புறப்பட்ட அதே நாளில், எதிர்த்திசையில் இன்னொரு பெண்ணும் அனுப்பப்பட்டார். 'கொஸ்மோபொலிற்றன்' சஞ்சிகையின் எலிசபெத் பிஸ்லண்ட். சில மணித்தியால அவகாசத்தில், விருப்பமில்லாமலே புறப்பட்ட அவரும் இலங்கை வழியாகவே சென்றார். ஐந்து நாட்கள் பிந்தித் திரும்பியதால் பந்தயத்தில் தோற்றார். உலகம் அவரை மறந்தது. பயணம் காட்சியாகும்போது வென்றவருக்கே இடமுண்டு. நன்றாகப் பார்த்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அடுத்த கட்டம் மேடை. சிக்காகோவைச் சேர்ந்த பேர்ட்டன் ஹோம்ஸ் 1890 களில் மாயலாந்தர் விளக்கின் மூலம் கையால் வர்ணந்தீட்டிய கண்ணாடிப் படங்களைத் திரையில் விழுத்தி, அருகில் நின்று தமது பயணங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். கோடையில் பயணம், மாரியில் மேடை என்பது அவருடைய வாழ்க்கை முறை. 1897 முதல் அசையும் படங்களையும் சேர்த்துக்கொண்டார். 'ட்ரவலொக்' என்ற சொல்லை 1904 அளவில் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1958 இல் மறையும்வரை ஆயிரக்கணக்கான சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். இங்கே ஒரு நேர்மை இருந்ததைக் கவனிக்கவேண்டும். பயணி மேடையில் நின்றார். படம் திரையில் விழுந்தது. இவர் போய்வந்து சொல்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயணம் இப்போதே நடக்கிறது என்ற மயக்கத்தை அவர் உண்டாக்கவில்லை.

தமிழில் இத்துறையில் நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய பெயர் ஏ. கே. செட்டியார். செட்டிநாட்டில் கோட்டையூரில் பிறந்து, ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். 1937 இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கையில், காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. பல நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் பல்லாண்டுகளாக எடுத்து எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்தார். திரட்டியது ஏறத்தாழ 50,000 அடி என்பர். படம் 1940 இல் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் பெற்ற இவருடைய பயணக் கட்டுரைகளில் 'நான்' என்ற சொல் மிக அடங்கி ஒலிக்கும். கமெராவைக் கையில் வைத்திருந்த இந்தப் பயணி அதைத் தம்மை நோக்கித் திருப்பவில்லை. உலகைச் சுற்றியவர் படம் எடுத்தது இன்னொருவரைப் பற்றி. இந்த அடக்கம் பின்னாளில் அரிதாகிப் போனது.

இனித் தொலைக்காட்சி. பிரித்தானியாவில் அலன் விக்கர் 1950 களின் இறுதியிலிருந்து நேர்த்தியான மேலங்கியும் கழுத்துப்பட்டியுமாக உலகெங்கும் சென்று பேட்டிகள் எடுத்தார். அவர் பயணி என்பதைவிட நிருபர் என்பதே பொருந்தும். விமானத்தில் போய் இறங்கிவிடும் அவரைப் பொறுத்தவரை வழி முக்கியமன்று, போய்ச் சேரும் இடமே முக்கியம். வழியையே நிகழ்ச்சியாக்கும் எண்ணம் பி.பி.சி. தயாரிப்பாளர் கிளெம் வலன்ஸ் என்பவரிடமிருந்து வந்தது. வேர்ண் எழுதியபடியே, விமானத்தில் ஏறாமல், எண்பது நாட்களுக்குள் ஒருவரை உலகைச் சுற்றிவர வைப்பது, அதைப் படமாக்குவது. இதற்கு முதலில் அணுகப்பட்டவர்களுள் விக்கரும் ஒருவர். அவர் ஏற்கவில்லை. கடைசியில் அந்த வாய்ப்பு 'மொன்ரி பைதன்' நகைச்சுவைக் குழுவைச் சேர்ந்த மைக்கல் பேலினுக்குக் கிடைத்தது.

1988 செப்டெம்பர் 25 ஆம் திகதி பேலின் லண்டன் றிபோர்ம் கழகத்தின் வாசலிலிருந்து புறப்பட்டார். ஐந்து பேர் கொண்ட படப்பிடிப்புக் குழு அவருடன் சென்றது. அந்தக் குழுவினருக்கு அவர் கூட்டாக இட்ட பெயர் 'பாஸ்பார்த்து'. இது வெறும் வேடிக்கையன்று. வேர்ணின் நாவலில் பார்வை யாருடையது என்பதை நாம் முன்னரே கண்டோம். பேலின் தமது குழுவினரை மறைக்கவில்லை. அவர்கள் இருப்பதை அந்தப் பெயராலேயே நேயர்களுக்கு நினைவூட்டினார். நான் தனியாகப் போகவில்லை, என்னோடு ஒரு கண் வருகிறது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலே நிகழ்ச்சிக்கு நம்பகத்தன்மையைக் கொடுத்தது.

அந்தக் கண் மிகப் பாரமானது என்பதையும் மறக்கக்கூடாது. அக்காலத்தில் இத்தகைய நிகழ்ச்சிகள் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டன. 400 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடத்துக்கே போதும். கமெரா, முக்காலி, மின்கலங்கள், ஒலிப்பதிவுக் கருவி, நூற்றுக்கணக்கான சுருள்கள் ஆகிய அனைத்தும் ஒவ்வொரு சுங்கச் சாவடியையும் கடந்தாகவேண்டும். நெல்லி பிளை கைப்பையுடன் போன பாதையில், ஒரு சிறு தொழிற்சாலையே இடம்பெயர்ந்து போனது எனலாம்.

வெனிஸ், கிரேக்கம், எகிப்து எனப் பயணம் தொடர்ந்தது. சவூதி அரேபியாவைத் தரைவழியே கடந்து டுபாயை அடைந்தபோது நாட்கள் பிந்திவிட்டன. அங்கிருந்து பம்பாய்க்குப் போகக் கிடைத்தது, தென்னிந்தியக் கரையில் பத்தேமாரி என்று வழங்கப்படும் வகையான ஒரு மரக்கலம். அதன் மாலுமிகள் குஜராத்திகள். ஏறத்தாழ ஒரு கிழமை கடற்பயணம். கப்பலில் கேளிக்கையில்லை, தனி அறையில்லை, பார்ப்பதற்குக் கடலைத் தவிர வேறு காட்சியுமில்லை. கழிவறை என்பது கப்பலின் பின்புறம் கடலுக்கு மேலே தொங்கும் ஒரு பெட்டி. பேலின் சுகவீனமுற்றபோது அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த மாலுமிகளே.

தயாரிப்பாளரின் கணக்கில் இது ஆபத்தான பகுதி. ஏழு பகுதிகளாக அமைந்த தொடரில், எதுவுமே நடக்காத ஒரு கிழமையை எப்படிக் காட்டுவது? ஆனால் 1989 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நேயர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அந்தப் பத்தேமாரிப் பகுதிதான். பார்க்க ஊர் இல்லாதபோது கமெரா மனிதர்களைப் பார்க்கத் தொடங்கியது. ஒரே சட்டியில் சமைத்த சோற்றை ஒன்றாக உண்டு, தளத்தில் ஒன்றாகப் படுத்து, மொழி புரியாமல் சிரித்துப் பழகியவர்களைக் காட்டியது. பேலின் தமது ஒலிநாடாக் கருவியின் செவிக்குழல்களை மாலுமி ஒருவரின் காதில் பொருத்தி மேலைநாட்டுப் பாடலொன்றைக் கேட்கவைக்கும் காட்சியைப் பலரும் இன்றும் நினைவுகூர்வர். பம்பாயில் பிரியும் வேளையில் பேலினின் குரல் தளர்கிறது. வேர்ணின் யானையும், நெல்லியின் கொழும்பும், பேலினின் பத்தேமாரியும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. நின்ற இடத்திலேதான் மனிதர்கள் தென்படுகிறார்கள்.

அதன்பின் பேலின் பம்பாயிலிருந்து சென்னைக்குப் புகையிரதத்திலும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சரக்குக் கப்பலிலும் சென்றார். ஹொங்கொங், சீனா, ஜப்பான், அமெரிக்கா எனச் சுற்றி டிசெம்பர் 12 ஆம் திகதி, புறப்பட்டு 79 நாட்களும் ஏழு மணித்தியாலங்களும் ஆன நிலையில், லண்டனுக்குத் திரும்பினார். றிபோர்ம் கழகத்தினுள் படம் பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை. உலகம் முழுவதும் திறந்த கதவுகள் புறப்பட்ட இடத்தில் மூடப்பட்டன. உலகைச் சுற்றிய கண்ணுக்குத் தன் ஊரின் கனவான்கள் வீட்டுக்குள் இடமில்லாமற் போனதை, நிகழ்ச்சி மறைக்காமல் காட்டியது.

இருபது ஆண்டுகளின் பின்னர், 2008 இல், பேலின் அந்த மாலுமிகளைத் தேடி மீண்டும் சென்றார். குஜராத் கரையில் அவர்களிற் சிலரைக் கண்டுபிடித்துச் சந்தித்தார். பயண நிகழ்ச்சிகளின் வரலாற்றில் இதை ஒரு முக்கிய நிகழ்வாகவே நான் கருதுகிறேன். கமெரா ஒருமுறை பார்த்துவிட்டுப் போன மனிதர்களுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று கேட்கும் வழக்கம் இந்தத் துறையில் இல்லை. சந்தையில் சிரித்த கிழவியும், வள்ளம் வலித்த சிறுவனும் சில விநாடிகள் தோன்றி மறைகிறார்கள். அவர்கள் திரும்பத் தேடப்படுவதற்கு உரியவர்கள் என்று ஒருவராவது நினைத்தார்.

பேலினுக்குப் பின்னர் வந்தது இளைஞர்களின் அலை. அதன் வேர் 1972 இல் உள்ளது. டோனி வீலர், மொரீன் வீலர் என்ற இளந்தம்பதியர் பழைய வாகனமொன்றில் லண்டனிலிருந்து ஆப்கானிஸ்தான் வரை வந்து, அங்கிருந்து கிடைத்த வழிகளில் பயணித்து, அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைந்தபோது கையில் இருந்தது 27 சதம். குறைந்த செலவில் ஆசியாவைக் கடப்பது எப்படி என்று 1973 இல் அவர்கள் எழுதித் தாமே தைத்து விற்ற சிறு நூலிலிருந்து 'லோன்லி பிளனெற்' என்ற வெளியீட்டு நிறுவனம் வளர்ந்தது. பரிசில் பெற்றுவரும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த நமது ஆற்றுப்படை மரபை இது நினைவூட்டுகிறது. போய்வந்தவன் போகவிருப்பவனுக்குச் சொல்கிறான். எங்கே தங்கலாம், என்ன உண்ணலாம், யாரை நம்பலாம் என்று.

அந்தப் பெயரிலேயே 1994 இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் பிரித்தானியாவில் தொடங்கி, பின்னர் 'குளோப் ட்ரெக்கர்' என்ற பெயரில் பல நாடுகளில் ஒளிபரப்பானது. இயன் றைட் முதலிய இளம் அறிவிப்பாளர்கள் பஸ்களில் நெரிபட்டு, மலிவு விடுதிகளில் தங்கி, தெருக்கடைகளில் உண்டு காட்டினார்கள். அதன் உற்சாகம் உண்மையானது. பலரை அது வீட்டைவிட்டுக் கிளப்பியிருக்கிறது. ஆனால் இங்கே 'பாஸ்பார்த்து' என்ற பெயர் மறைந்துவிட்டது. அறிவிப்பாளர் தனியாக அலைவதாகவே படம் அமைந்தது. நாம் தொடக்கத்தில் கண்ட, உள்ளே இருந்து திறக்கும் கதவு நிரந்தரமாயிற்று. சுதந்திரப் பயணத்தை ஊக்குவித்த நிகழ்ச்சி, சுதந்திரப் பயணத்தைப் போல நடித்துக் காட்டவேண்டியதாயிற்று.

இதற்கு மாற்று விடை கேரளத்திலிருந்து வந்தது. கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த சந்தோஷ் ஜோர்ஜ் குளங்ஙர என்பவர், சிறிய வீடியோ கமெரா ஒன்றைத் தாமே ஏந்தித் தனியாக நாடு நாடாகப் போகத் தொடங்கினார். எஸ். கே. பொற்றெக்காட் போன்றோரின் பயண நூல்களை விரும்பிப் படித்த மலையாள வாசகர்களின் வீடுகளுக்கு, 'சஞ்சாரம்' என்ற அவரது தொடர் 2001 முதல் ஏசியாநெற் தொலைக்காட்சி வழியாகச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அவர் இவ்வாறு போயிருக்கிறார். 2013 இல் 'சஃபாரி' என்ற பெயரில் பயணத்துக்கென்றே ஓர் அலைவரிசையையும் தொடங்கினார். இங்கே படப்பிடிப்பாளரும் பயணியும் ஒருவரே. பிலியஸ் பொக்கும் பாஸ்பார்த்துவும் ஓராளாகிவிட்டனர். அதன் விளைவு என்ன? பயணி படத்திலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டார். கமெராவைப் பிடித்திருப்பவர் அதன் முன்னால் நிற்க முடியாதல்லவா? பின்னணியில் ஒலிக்கும் விவரணக் குரலும் வேறொருவருடையதாகவே அமைந்தது. பேலினின் நிகழ்ச்சியில் பயணி தெரிந்தார், தனிமை இல்லை. சஞ்சாரத்தில் தனிமை இருந்தது, பயணி தெரியவில்லை. இரண்டும் ஒருங்கே வாய்க்கவில்லை. ஆயினும் இரண்டுமே நேர்மையான விடைகள். ஒன்று துணையை ஒப்புக்கொண்டது. மற்றது துணையே இல்லாமற் செய்தது.

உலகத்தைச் சுற்றியவர்களைப் பற்றிக் கதைக்கும்போது, காட்சியாகாத பயணங்களையும் இந்நாட்டில் இருந்து எழுதுபவன் மறந்துவிட முடியாது. பேலின் புறப்படுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். அவர்கள் ஜேர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். அந்த ஆண்டுகளில் நம்மவர் பலர் உலகின் பாதியைச் சுற்றினார்கள். பந்தயம் கட்டி அல்ல. எண்பது நாட்களில் திரும்பும் எண்ணத்தோடும் அல்ல. அவர்களுடைய பயணத்துக்கு ஒரே நிபந்தனை, எந்தக் கண்ணிலும் படாதிருப்பது. கரைசேர்ந்த பின்னரே கமெராக்கள் அவர்களை நோக்கித் திரும்பின. சுதந்திரப் பயணம் என்ற சொற்றொடரில் 'சுதந்திரம்' என்பதற்கு ஒரு கடவுச்சீட்டின் நிறமும் அர்த்தமாகிறது என்பதை இந்த ஒப்பீடு உணர்த்தும். தான் பார்க்கப்படுவதை விரும்புபவனும் அஞ்சுபவனும் ஒரே கடலில்தான் போகிறார்கள்.

இன்று கைத்தொலைபேசியே கமெராவாகிவிட்டது. பயணம் போகும் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நிகழ்ச்சி நடத்தலாம், பலர் நடத்துகிறார்கள். நெல்லி பிளை பொறாமைப்பட்ட கொடக் கமெரா எல்லோர் கையிலும் வந்துவிட்டது. படச்சுருளின் 11 நிமிட எல்லையும், சுமக்கவேண்டிய பெட்டிகளும் இல்லாமற் போயின. கமெரா பயணியை நோக்கியும் திரும்பும், எதிரேயுள்ள ஊரை நோக்கியும் திரும்பும். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் திரும்பியிருக்கிறது என்பதே இனி எஞ்சியுள்ள வேறுபாடு.

இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. பந்தயமும் கடிகாரமும் நாட்கணக்கும் பயணத்தைத் தொடங்கிவைக்க உதவின; பணம் திரட்டவும், நேயர்களைச் சேர்க்கவும் உதவின. நிலைத்து நின்றவை அவையல்ல. நெல்லி எத்தனை நாளில் திரும்பினார் என்ற சாதனை சில மாதங்களுக்குள்ளேயே முறியடிக்கப்பட்டுவிட்டது. கொழும்பைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. பேலின் எண்பது நாட்களை வென்றார் என்பதைவிட, பெயர் தெரியாத மாலுமிகளிடம் அவர் விடைபெற்ற கணம் நினைவில் நிற்கிறது. பயண நிகழ்ச்சியொன்றைப் பார்க்கும்போது எத்தனை நாடுகள், எத்தனை மைல்கள் என்று எண்ணுவதைவிட, அந்தப் பயணி எங்கே தரித்து நின்றார், அங்கே யாரைப் பார்த்தார், அவருக்காகக் கதவைத் திறந்தவரின் முகம் நமக்குத் தெரிந்ததா என்று கேட்பது பயனுடையது. கதவைத் திறந்தவருக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லும் பயணமே இலக்கியத்தின் பக்கத்தில் வந்து அமரும் தகுதியைப் பெறுகிறது.